ஒல்லி போனுக்குக் கொடுக்கும் விலை என்ன? 1.5 மில்லிமீட்டர் குறைந்தால் பேட்டரியில் எவ்வளவு போகும்?

ஷோரூமில் ஐபோன் ஏர், கேலக்ஸி எஸ்25 எட்ஜ் போன்ற போன்களைக் கையில் எடுப்பவர்கள் முதலில் சொல்வது, "என்னங்க, கனமே தெரியல!" என்பதுதான். வாங்கி ஒரு வாரம் ஆனதும் கேள்வி மாறிவிடும்: "சாயந்திரம் வரைக்கும் சார்ஜ் நிக்குமா?"

ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் போனில் இந்தச் சந்தேகம் ஏன் வருகிறது? போனை ஒல்லியாக்கும்போது உள்ளே இருந்து எதையெல்லாம் எடுக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

போனுக்குள் யாருக்கு எவ்வளவு இடம்?

ஒரு ஸ்மார்ட்போனைத் திறந்தால் நடுவில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பது பேட்டரி. மேல் பக்கம் மதர்போர்டும் கேமராவும் இருக்கும். ஸ்பீக்கர், சார்ஜிங் போர்ட், அதிர்வு மோட்டார் எல்லாம் கீழே.

முன்பக்கக் கண்ணாடி, டிஸ்ப்ளே, பின்பக்க மூடி ஆகியவற்றின் தடிமனை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. குறைத்தால் உடையும், இல்லையென்றால் வளையும். அதனால் போனின் தடிமனில் கை வைத்தால், அந்த வெட்டு நேராகப் பேட்டரி மேல்தான் விழும்.

ஒரே கம்பெனி, ஒரே வருடம், ரெண்டு போன்

இதற்கு நல்ல உதாரணம் சாம்சங்கிடமே இருக்கிறது. 2025-ல் வந்த கேலக்ஸி எஸ்25 பிளஸ், எஸ்25 எட்ஜ் இரண்டுக்கும் 6.7 இன்ச் திரைதான். நீள அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தடிமன் மட்டும் பிளஸ்ஸில் 7.3 மி.மீ., எட்ஜில் 5.8 மி.மீ.

பிளஸ்ஸின் பேட்டரி 4,900 எம்ஏஹெச். எட்ஜில் 3,900 எம்ஏஹெச். அதாவது தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு போனது, பேட்டரியிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. வீடியோ ஓடும் நேரமாக சாம்சங் சொல்வதும் பிளஸ்ஸுக்கு 30 மணி நேரம், எட்ஜுக்கு 24 மணி நேரம். கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

இதோடு முடியவில்லை. பிளஸ்ஸில் உள்ள 3 மடங்கு டெலிஃபோட்டோ கேமரா எட்ஜில் கிடையாது. சார்ஜ் ஏறும் வேகமும் 45 வாட்டில் இருந்து 25 வாட்டாகக் குறைந்தது. ஆனால் இந்தியாவில் அறிமுக விலை பிளஸ்ஸுக்கு 99,999 ரூபாய், எட்ஜுக்கு 1,09,999 ரூபாய். எட்ஜில் 200 மெகாபிக்சல் கேமராவும் டைட்டானியம் பிரேமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 190 கிராமுக்குப் பதில் 163 கிராம் என்பதும் கையில் நன்றாகவே தெரியும்.

ஐபோன் ஏர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது?

2025 செப்டம்பரில் அறிமுகமான ஐபோன் ஏர் இன்னும் மெலிது. 5.6 மி.மீ. தடிமன், 165 கிராம் எடை. ஆனால் இந்த 5.6 என்பது போனின் ஒல்லியான பகுதியின் அளவு. பின்னால் மேடு மாதிரி புடைத்து நிற்கும் கேமரா பகுதி இந்தக் கணக்கில் சேராது. எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் அளக்கின்றன.

அந்த மேட்டுக்குள்தான் கேமரா, ஸ்பீக்கர், முக்கியமான சிப்கள் எல்லாவற்றையும் ஆப்பிள் அடுக்கியிருக்கிறது. மிச்ச இடம் முழுக்கப் பேட்டரிக்கு. அப்படியும் போதவில்லை. அதனால் பின்பக்கம் ஒரே ஒரு கேமரா. சிம் கார்டு போடும் டிரே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வழக்கமாகக் கீழே இருக்கும் ஸ்பீக்கரும் இல்லை.

வீடியோ ஓடும் நேரம் 27 மணி வரை என்கிறது ஆப்பிள். அதே நாளில் அறிமுகமான சாதாரண ஐபோன் 17-க்கு 30 மணி. அதன் தடிமன் 7.95 மி.மீ., பின்னால் இரண்டு கேமரா, விலை 82,900 ரூபாய். ஏரின் விலை 1,19,900 ரூபாய்.

ஏர் போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் தனி பேட்டரி ஒன்றையும் ஆப்பிள் கூடவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை மாட்டினால் 40 மணி நேரம் வரை வரும். மாட்டிய பிறகு அது ஒல்லி போனா என்று மட்டும் கேட்கக் கூடாது!

இந்த ஒல்லி மோகம் புதுசா?

இல்லை. 2014-லேயே விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ. தடிமனில் வந்தது. ஓப்போ ஆர்5 4.85 மி.மீ. இரண்டிலும் பேட்டரி வெறும் 2,000 எம்ஏஹெச். ஓப்போவில் ஹெட்போன் ஜாக்கே இல்லை. அதே வருடம் வந்த ஐபோன் 6 பிளஸ், பேன்ட் பாக்கெட்டில் வைத்தால் வளைகிறது என்று புகார் கிளம்பியது. அடுத்த வருட மாடலில் ஆப்பிள் உறுதியான அலுமினியத்துக்கு மாறியது, தடிமனும் 0.2 மி.மீ. கூடியது.

பிறகு காற்று எதிர்ப் பக்கம் அடித்தது. 2019-ல் வந்த ஐபோன் 11 ப்ரோ, முந்தைய எக்ஸ்எஸ்ஸைவிட 0.4 மி.மீ. தடிமனாக இருந்தது. பேட்டரி 4 மணி நேரம் கூடுதலாக நிற்கும் என்று ஆப்பிள் சொன்னதும், தடிமன் கூடியதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இடம் குறைந்தால் ஆபத்தும் உண்டா?

உண்டு. 2016-ல் வந்த கேலக்ஸி நோட் 7 நினைவிருக்கிறதா? தீப்பிடித்ததால் முதலில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற முடிவு செய்தார்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்ததால், அந்த அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள்.

2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விசாரணை முடிவில், முதல் நிறுவனம் தந்த பேட்டரிகளில் மேல் மூலை நெருக்கப்பட்டு உள்ளே உள்ள தகடு வளைந்திருந்தது என்றும், இரண்டாவது நிறுவனத்தின் பேட்டரிகளில் வெல்டிங் குறை என்றும் சொல்லப்பட்டது. அதற்கு முன்பே ஒரு நோட் 7-ஐக் கழற்றிப் பார்த்த அமெரிக்காவின் இன்ஸ்ட்ருமென்டல் என்ற நிறுவனம், பேட்டரி உப்புவதற்கு விட வேண்டிய இடைவெளியே அதில் இல்லை என்று எழுதியது.

லித்தியம் பேட்டரி வயதாக ஆகக் கொஞ்சம் உப்பும். அது அதன் இயல்பு. அதற்காகவே பேட்டரிக்கு மேல் சும்மா ஒரு இடம் விடுவார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வீணான இடம் மாதிரி தெரியும். உண்மையில் அது பாதுகாப்புக்காக விட்ட இடம்.

சைனா போன்களில் மட்டும் 7,000 எப்படி?

2020-ல் கேலக்ஸி எம்51 வந்தபோது 7,000 எம்ஏஹெச் பேட்டரிக்காக 9.5 மி.மீ. தடிமனும் 213 கிராம் எடையும் தேவைப்பட்டன. 2025 ஏப்ரலில் வந்த விவோ டி4-ல் 7,300 எம்ஏஹெச். தடிமன் சுமார் 7.9 மி.மீ., எடை 199 கிராம், ஆரம்ப விலை சுமார் 22 ஆயிரம் ரூபாய்தான்!

காரணம், சிலிக்கான் கார்பன் பேட்டரி. சாதாரண பேட்டரியின் எதிர்முனையில் கிராஃபைட் இருக்கும். 1 கிராம் கிராஃபைட் 372 எம்ஏஹெச் வரை சேமிக்கும். சிலிக்கானோ கோட்பாட்டளவில் சுமார் 3,600 வரை சேமிக்கும். அதனால் கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கான் கலந்தாலே அதே இடத்தில் கூடுதல் மின்சாரம் அடங்கிவிடும்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை? சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் சுமார் 3 மடங்கு வரை பெருக்கும், இறங்கும்போது சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் உள்ளே விரிசல் விழும். கார்பனோடு சேர்ப்பதே இதைக் கட்டுப்படுத்தத்தான். எஸ்25 எட்ஜும் ஐபோன் ஏரும் வழக்கமான லித்தியம் அயன் பேட்டரியோடுதான் வந்தன.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

இன்றைக்கு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. தினமும் 3,900 எம்ஏஹெச் செலவழிப்பவர் எட்ஜ் வைத்திருந்தால் நாளுக்கு ஒரு முழு சார்ஜ் சுற்று. அதே உபயோகம் பிளஸ்ஸில் 0.8 சுற்றுதான். 1,000 நாள் கழித்து ஒன்று 1,000 சுற்றும் இன்னொன்று சுமார் 800 சுற்றும் ஓடியிருக்கும். ஆக, சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு சீக்கிரம் வயசாகவும் செய்யும்.

நம்ம ஊர் வெயிலும் இதில் சேரும். ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையிலும் வேலூரிலும் மே மாதம் 40-ஐத் தாண்டுவது சாதாரணம். மெல்லிய போனில் சூட்டைப் பரப்ப இடம் குறைவு. தொடர்ந்து கேம் ஆடினாலோ, வண்டியில் மேப் போட்டு வெயிலில் மாட்டி வைத்தாலோ, போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நாள் முழுக்க வெளியில் அலைபவர்கள், டெலிவரி வேலையில் இருப்பவர்கள், இந்த 1.5 மி.மீ.க்காக 1,000 எம்ஏஹெச்சை விடுவது நல்ல பேரம் இல்லை. ஆபீஸிலும் வீட்டிலும் சார்ஜர் பக்கத்திலேயே இருக்கிறது, கனமான போனைப் பிடித்தால் கை வலிக்கிறது என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வாங்கிய அன்றைக்கே தடிமனான பவுச் மாட்டுவீர்கள் என்றால், காசு கொடுத்துக் குறைத்த 1.5 மி.மீ. அப்போதே திரும்ப வந்துவிடும்.

எந்த போனாக இருந்தாலும், பின்பக்க மூடியோ திரையோ ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அமுக்கி ஒட்டவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. ஸ்விட்ச் ஆஃப் செய்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.