சித்தியவான் சிவப்பு மதுவும் சீனரின் வலுவூட்டும் உணவு மரபும்

பேராக் மாநிலத்தின் சித்தியவான், கம்போங் கோ, ஆயர் தாவார் வட்டாரச் சீனர்களிடம் உடம்புக்கு வலுவூட்டும் உணவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது சிவப்பு மது மீ சுவாவைத்தான். நூலிழை போன்ற கோதுமை மீ, இஞ்சியும் எள்ளெண்ணெயும் இட்டு வதக்கிய நாட்டுக்கோழி, காளான், அவித்த முட்டை ஆகியவற்றின் மேல் வீட்டில் புளிக்கவைத்த சிவப்பு அரிசி மதுவைத் தாராளமாக ஊற்றிச் சூடாகப் பரிமாறப்படும் உணவு இது. இன்று ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஆட்கள் இதைத் தேடி வருகிறார்கள். ஆனால் இது உணவுக்கடைக்காகப் பிறந்த பண்டமன்று.

இதைக் கொண்டுவந்தவர்கள் தென்சீனத்தின் ஃபூச்சியான் மாநிலத்து ஃபூச்சோ மக்கள். 1903ஆம் ஆண்டு, ஜெர்மனியில் பிறந்த மெதடிஸ்ட் பாதிரியாரும் பன்மொழி அறிஞருமான லூரிங் தலைமையில், முந்நூறுக்கும் மேற்பட்டோர் கப்பலேறிச் சித்தியவானில் குடியேறினர். பேராக் அரசு நெல் விளைவிக்கவே அவர்களுக்கு நிலம் தந்தது. நிலமும் சந்தையும் அவர்களை ரப்பருக்குத் திருப்பின. பெரிய தோட்டங்களில் தமிழர் பால்மரம் சீவிய அதே காலத்தில், பக்கத்துச் சிறுநிலங்களில் ஃபூச்சோ குடும்பங்கள் தங்கள் மரங்களைத் தாங்களே சீவின. குடியேறியவர்களில் பலருக்குச் சொந்த ஊர் குத்தியான் மாவட்டம். மதுவுக்கு நிறமும் மணமும் தரும் சிவப்பு நொதியரிசிக்குச் சீனாவிலேயே பேர்பெற்ற ஊர் அது.

மது செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். புலுட் அரிசியை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, சிவப்பு நொதியரிசியும் கொதித்து ஆறிய நீரும் கலந்து தாழியில் அடைப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையோ, ஈரமான கரண்டியோ பட்டால் தாழி முழுவதும் புளித்துக் கெடும் என்று வீட்டுப் பெண்கள் அருகில் யாரையும் அண்ட விடுவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நொதித்த பின் வடித்தெடுத்த சாறே மது. எஞ்சும் செந்நிறச் சக்கையும் வீணாவதில்லை. அது இறைச்சியில் பிசிறிச் சமைக்கப்படுகிறது. மதுவிலக்கை வற்புறுத்திய திருச்சபை ஒன்றின் கீழ் வந்த மக்கள் இந்தத் தாழியை மட்டும் கைவிடவில்லை. அது அவர்கள் கணக்கில் குடியில் சேராது, மருந்தில் சேரும்.

அந்த நொதியரிசியில் வளரும் பூஞ்சைக்கு மொனாஸ்கஸ் என்று பெயர். 1979இல் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ மொனாஸ்கஸ் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த மொனாகோலின் கேயும் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மருந்தும் ஒரே பொருளே. இதை வைத்துச் சிவப்பு மதுவை இதய மருந்தாக விற்போர் உண்டு. பூஞ்சையின் எல்லா வகையும் அப்பொருளைப் போதிய அளவில் தருவதில்லை. சில வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சையும் சேர்த்தே உண்டாக்குகின்றன. மரபு இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை.

மரபு சொல்வது பிள்ளை பெற்றவளைப் பற்றி. தாழியில் மது ஊறத் தொடங்குவதே வீட்டில் ஒருத்தி கர்ப்பமான செய்தி கேட்ட பிறகுதான். பிரசவத்தில் இரத்தம் இழந்த உடம்பு குளிர்ந்து, காற்று புகத் திறந்து கிடக்கிறது என்பது சீனர் நம்பிக்கை. எனவே ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல், குளிர்ந்தவற்றைத் தொடாமல், இஞ்சியும் மதுவும் கோழியும் உண்டு சூட்டை மீட்க வேண்டும். தோட்டத்து லயங்களில் பூண்டும் மிளகும் சுக்கும் அரைத்துப் பிரசவ மருந்து கிண்டி, சுறாப்புட்டு அவித்துக் கொடுத்த தமிழ்ப் பாட்டிமாருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமிருந்திருக்காது, மதுவைத் தவிர. மகப்பேற்றுக்கு அடுத்தபடியாக முதியவர் பிறந்தநாளுக்கும் இதே மீ சுவா வரும். மீயின் நீளம் ஆயுளின் நீளமாகக் கொள்ளப்படும்.

சீனரின் வலுவூட்டும் உணவு என்றதும் ஆண்மைப் பெருக்கம் ஒன்றையே நினைக்கும் வழக்கம் வெளியாரிடம் ஊறியிருக்கிறது. சீன மருந்துக்கடைகளின் விளம்பரங்களும் அதற்குத் துணைபோகின்றன. சித்தியவானின் தலைசிறந்த வலுவூட்டி தாய்மாருக்கானது என்பதே அந்த எண்ணம் எவ்வளவு குறுகியது என்பதைக் காட்டும். காமமும் கருவளமும் நரையும் முதுகுவலியும் சீன மருத்துவத்தில் ஒரே இருப்பின் வரவுசெலவாகவே பார்க்கப்படுகின்றன.

அந்த இருப்பின் பெயர் ஜிங், சாரம் எனலாம். ஒரு பகுதி தாய்தந்தையரிடமிருந்து வருவது, கூட்ட முடியாதது. மறுபகுதி உணவிலிருந்து நாள்தோறும் சேர்வது. இரண்டும் சிறுநீரகத்தில் தங்குகின்றன. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள 'மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவ நூல்' இதை வயதுக் கணக்காகவே வகுக்கிறது. பெண்ணுக்கு வாழ்க்கை ஏழேழு ஆண்டுகளாக நகர்கிறது: 14இல் பூப்பு, 49இல் மாதவிடாய் நிற்றல். ஆணுக்கு எட்டெட்டு: 16இல் சாரம் நிரம்பி வழிகிறது, 64இல் பல்லும் மயிரும் உதிர்கின்றன. எலும்பும் மூளையும் தலைமயிரும் செவியும் சிறுநீரகத்தின் ஆட்சிக்குட்பட்டவை. காது மந்தமும் இடுப்புவலியும் ஆண்மைக் குறைவும் ஒரே மருந்துச்சீட்டில் இடம்பெறுவது இதனால்தான். உண்ட உணவு ஏழு தாதுக்களாக மாறிக் கடைசியில் சுக்கிலமாக, சுரோணிதமாகத் தேறுகிறது என்னும் சித்த மருத்துவத்துக்கு இந்தச் சிந்தனை அண்டைவீடு.

போகர் சீனத்துக்குப் போனார், அல்லது அங்கிருந்து வந்தார் என்ற பழனி மரபைக் கொண்டு இந்த ஒற்றுமையை விளக்குவது எளிது. சான்றுகள் அவ்வளவு தூரம் துணைவருவதில்லை. சந்தைத் தொடர்புக்கு உறுதியான சான்று சித்த மருந்துப் பெட்டியில் கிடக்கும் பரங்கிப்பட்டை. சீனத்துக் கொடி ஒன்றின் கிழங்கான அது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய வணிகத்தில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது.

வலுவூட்டும் குறிப்புகள் மிகப் பழையவை. ஹுனான் மாநிலத்து மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் அகழப்பட்டபோது, பட்டில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று ஆண்மைக்கும் உடல்வளத்துக்குமான செய்முறைகளின் தொகுப்பு. ஆயுர்வேதம் தன் எட்டு அங்கங்களில் ஆண்மை பெருக்கும் வாஜீகரணத்துக்குத் தனி இடம் தந்ததைப் போலவே சீனரும் இதை ஒளிக்க வேண்டிய துறையாகக் கருதவில்லை. எனினும் தூண்டிவிடுவதைவிடச் செலவைச் சுருக்குவதையே பெரிய மருத்துவர்கள் முதலில் சொன்னார்கள். கி.பி. 652 வாக்கில் நூலியற்றிய சுன் சிமியாவ், நோயை உணவால் தீர்க்க முயன்று, அது பலிக்காதபோதே மருந்துக்குப் போக வேண்டும் என்றவர். விந்துச் செலவுக்கும் அவர் நூலில் அட்டவணை உண்டு: இருபது வயதில் நான்கு நாளுக்கு ஒருமுறை, முப்பதில் எட்டு, நாற்பதில் பதினாறு, ஐம்பதில் இருபது, அறுபதில் நிறுத்திவிட வேண்டும், உடல் திடமானவருக்கு மட்டும் மாதம் ஒன்று. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதிகளும் கலவியில் அளவு பேணச் சொல்கின்றன.

உணவுகளைத் தேர்ந்ததில் பல தர்க்கங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஐம்பூதக் கணக்கில் சிறுநீரகம் நீர். அதன் நிறம் கருப்பு. ஆகவே கருப்பு எள், கருப்பு அவரை, தோலும் எலும்பும் கருத்த கோழி ஆகியவை சிறுநீரகத்துக்கு உரியவை. உருவம் மற்றொரு தர்க்கம்: மூளை போன்ற அக்ரூட் பருப்பு மூளைக்கும் சாரத்துக்கும், விலங்கின் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்துக்கு. மான், கடல்நாய் போன்றவற்றின் ஆண்குறி மதுவில் ஊறவைக்கப்பட்டதும் இந்த வழியில்தான். சூடு மூன்றாவது: ஆட்டிறைச்சி, இறால், பட்டை, இஞ்சி. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த மருத்துவர் சாங் சோங்ஜிங் சொன்ன, தாங்குய் வேரும் இஞ்சியும் சேர்த்த ஆட்டிறைச்சிச் சாறு இன்றும் சீன வீடுகளில் கொதிக்கிறது. அதுவும் பிள்ளை பெற்றவளின் வயிற்றுவலிக்கு எழுதப்பட்டதே. கடலட்டைக்குச் சீனர் வைத்த பெயரே கடல் ஜின்செங்.

கூ சாய் எனப்படும் சீன வெங்காயத்தாள் தனிக்கதை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இந்தக் கீரைக்கு 'ஆண்மையை எழுப்பும் புல்' என்பது மருத்துவ நூல்கள் இட்ட பெயர். இதே காரணத்தால் பௌத்த மடங்கள் அதை அடுக்களைக்குள் விடுவதில்லை. பூண்டு, வெங்காயம் முதலிய ஐந்து காரப் பொருள்கள் வேகவைத்து உண்டால் காமத்தையும், பச்சையாக உண்டால் கோபத்தையும் கிளறும் என்பது அவர்கள் விலக்கு. மலேசியாவில் ஒன்பது பேரரசர் விழாவின்போது மஞ்சள் கொடி தொங்கும் சைவ உணவுக்கடைகளிலும் வெங்காயம், பூண்டைக் காண முடியாது. ஆசாரமான வைணவ வீட்டுச் சமையலறை நினைவுக்கு வரும்.

குளிர்நாட்டில் வகுத்த இந்தச் சூட்டு முறை மலாயாவின் வெயிலில் இடறியது. கொரிய, சீன ஜின்செங் உடம்பைக் கொதிக்கவைக்கும் என்று அஞ்சியோர் குளிர்ச்சியுள்ள அமெரிக்க ஜின்செங்கை நாடினர். சூட்டைத் தணிக்கத் தெருமுனையில் கசப்பு மூலிகை நீர் விற்கும் கடைகள் பெருகின. டுரியான் கடுஞ்சூடு, ஆகவே வலுவூட்டி. அதை உண்டதும் மங்குஸ்தீன் தின்று சமன்செய்ய வேண்டும் என்பது மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்தே ஏற்றுக்கொண்ட விதியாகிவிட்டது. டுரியானுடன் மது ஆகாது என்ற எச்சரிக்கையை 2009இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வு ஓரளவு தாங்கியது: மதுவின் நச்சு விளைபொருளைச் சிதைக்கும் நொதியை டுரியான் சாறு தடுப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள்.

சித்தியவான் அடங்கிய மஞ்சோங் மாவட்டத்தின் இன்னொரு வலுவூட்டி பறவைக்கூடு. சாளரமின்றி, சிறு துளைகள் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் எழுப்பும் கட்டடங்களைச் சித்தியவான் கடைத்தெருக்களில் காணலாம். உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூடு ஆண்மைக்கானது என்று பலர் நினைப்பது பிழை. சீன மருத்துவத்தில் அது குளிர்ச்சிப் பக்கத்துப் பண்டம். நுரையீரலுக்கும் சருமத்துக்கும், நோயிலிருந்து தேறுவோருக்கும் உரியது. 2011இல் 'இரத்தக் கூடு' எனப்படும் மலேசியச் செந்நிறக் கூடுகளில் நைட்ரைட் மிகுந்திருப்பதைச் சீனா கண்டறிந்து இறக்குமதியை நிறுத்தியபோது, இந்தத் தொழில் பெரும் அடி வாங்கியது.

காண்டாமிருகக் கொம்பும் இப்படித் தவறாகப் பேசப்படும் பொருளே. சீன நூல்களில் அது காய்ச்சலுக்கும் நஞ்சுக்கும் மருந்து, காமத்துக்கு அன்று. பிழையான புகழானாலும் உண்மையான தேவையானாலும் விலங்கை அழிப்பதில் வேறுபாடில்லை. மலேசியாவின் கடைசி சுமத்ராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. புலி எலும்பு வணிகத்தைச் சீனா 1993இல் தடைசெய்தது. கடற்குதிரை வணிகத்துக்கு 2004 முதல் உலகளாவிய கட்டுப்பாடு உண்டு. எறும்புத்தின்னியை மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகக் காக்கிறது. இடுப்புவலிக்கும் வீரியத்துக்கும் என்று உடும்பைப் பிடித்துச் சமைத்த தோட்டத்துத் தமிழர், இந்த விஷயத்தில் சீனரைக் குறைசொல்லும் இடத்தில் இல்லை.

ஆய்வுக்கூடச் சான்று பொருளுக்குப் பொருள் வேறுபடுகிறது. சிப்பியில் துத்தநாகம் மிகுதி என்பது உண்மை. துத்தநாகக் குறைவுள்ளவருக்கே அது பயன்தரும். ஆடுகள் தின்று அடிக்கடி புணர்ந்ததாகச் சீன மருத்துவர் தாவோ ஹோங்ஜிங் 1,500 ஆண்டுகளுக்கு முன் குறித்த இன்யாங்ஹுவோ மூலிகையிலுள்ள ஐகாரின் என்ற பொருள், ஆண்மைக் குறைவு மாத்திரையான சில்டெனாஃபில் தடுக்கும் அதே நொதியை மிக வலுக்குறைவாகத் தடுக்கிறது. 1998இல் சில்டெனாஃபில் விற்பனைக்கு வந்தபின், ஹாங்காங் முதியவர்கள் ஆண்மைக் குறைவுக்கு மட்டும் மாத்திரைக்கு மாறி, மற்ற நோய்களுக்கு மூலிகையையே தொடர்ந்ததாக ஆய்வாளர்களான வான் ஹிப்பெல் சகோதரர்கள் பதிவு செய்தனர்.

மலேசியச் சந்தையில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாத்திரையே மூலிகையின் வேடம் போட்டுக்கொண்டது. தோங்காட் அலி, ஜின்செங் என்று பெயரிட்ட காப்பித்தூள்களிலும் குளிகைகளிலும் சில்டெனாஃபில், தடலாஃபில் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவிக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை உண்பவர் அறியாமல் அந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பதிவுபெற்ற மரபு மருந்துகளின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் எண் அச்சிடப்பட்டிருக்கும். காப்பித்தூள் உணவுப்பொருளாக விற்கப்படுவதால் பெரும்பாலும் அந்த எண்ணைத் தாங்கி வருவதில்லை.