பதில் சொல்ல ஆள் வேண்டும்: காளிகாட்டின் கிரேக்க ஆலயம்

கொல்கத்தாவின் காளிகாட் டிராம் டிப்போவுக்குப் பக்கத்தில், பழைய கிரேக்கக் கோயில்களைப் போலத் தூண்கள் நிறுத்திய முகப்புடன் ஓர் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருக்கிறது. இதற்கு முன்னோடி, அம்ரதல்லாவில் 1781-இல் திறக்கப்பட்ட ஆலயம். அலெக்ஸியோஸ் ஆர்கிரி என்ற கிரேக்க வணிகர் அன்றைய ஆங்கிலேய ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் அனுமதி வாங்கி அதற்கு வழி செய்தார். 1924-இல் காளிகாட்டில் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது ராலி பிரதர்ஸ் என்ற கிரேக்க வணிக நிறுவனம் பணம் கொடுத்தது. விடுதலைக்குப் பின் கிரேக்க வணிகர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக, ஆலயம் பூட்டிக் கிடந்தது. 1991-இல் கிரீஸிலிருந்து வந்த இக்னாத்தியோஸ் அடிகள் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். இம்முறை ஆராதனைக்கு வந்தவர்கள் வங்காளிகள். வணிகம் வந்தது, போனது என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். ஆனால், வணிகம் போன பிறகும் ஆலயம் பிழைத்ததற்கு அந்த முடிவு காரணம் சொல்லாது. மனிதர் என்பவர் யார் என்ற கேள்விக்கு ஆர்த்தடாக்ஸ் மரபு தரும் விடையில்தான் அந்தக் காரணம் இருக்கிறது.

அந்த மரபில் குரு தனியாளாக நற்கருணை ஆராதனை நடத்தக் கூடாது. அவருடைய வேண்டுதலுக்கு ‘ஆமென்’ சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும். ஒருவர் முதலில் தனியாக இருந்துவிட்டுப் பிறகு உறவு தேடுவதில்லை, உறவில்தான் அவர் ஆளாகிறார் என்று இறையியலாளர் ஜான் ஸிஸியூலஸ் 1985-இல் வெளிவந்த நூலில் விரித்து எழுதியது இந்த வழக்கத்தின் உட்பொருளைத்தான். திராட்சை ரசத்தில் தோய்ந்த அப்பத்தைக் கரண்டியால் ஊட்டும்போது குரு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே ஊட்டுகிறார். ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கும் அது உண்டு. அறிவும் சம்பாத்தியமும் அங்கே தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. இதே மரபின் திருச்சபை, இன அடிப்படையில் சபை அமைப்பதை 1872-இல் கான்ஸ்டான்டிநோபிள் மாநாட்டில் கண்டித்தது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வணிகர்களின் ஆலயம் ஆராதனையில் குறையற்றதாக இருந்தும் ஓர் இனத்தின் வட்டத்துக்குள் நின்றுபோனது. அந்த இனம் கிளம்பியதும் ‘ஆமென்’ சொல்ல ஆளில்லை.

இக்னாத்தியோஸ் அடிகளின் மிஷன் பள்ளியும் சாப்பாடும் கொடுத்துத்தானே வங்காளிகளைச் சேர்த்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்தியாவில் எந்த மிஷன் பணியும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏழைகளுக்கு உதவுவது ஆள்சேர்க்கக் கண்டுபிடித்த உத்தி அல்ல என்பது உண்மை. நான்காம் நூற்றாண்டிலேயே ஆயர் பாசில் தம் செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லம் கட்டினார். ஏழையும் ஒரு பலிபீடமே என்று ஆயர் ஜான் கிறிசோஸ்தோம் போதித்தார். ஆனால் பழைய போதனையை மட்டும் காட்டிச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. வாங்கியவர்கள் கடைசிவரை வாங்குபவர்களாகவே இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். காளிகாட்டில் ஆராதனை வங்க மொழிக்கு வந்தது. வங்காளிகள் குருக்களாகவும் ஆனார்கள். உதவி கேட்டு வரிசையில் நின்றவர் ஆராதனையை நடத்துபவராகும் இடத்தில், உதவியை வெறும் தூண்டில் என்று ஒதுக்கிவிட முடியாது. வணிகர்களின் பணம் கட்டடத்தை எழுப்பியது; அதை மறுபடி சபையாக்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.