உறிஞ்சுக் குழாயும் வெடிப்பின் வழியும்: திருவெண்ணெய்நல்லூர் வட்டார ஆலைகளை முன்வைத்து

திருவெண்ணெய்நல்லூர் வட்டாரம் கரும்பும் நெல்லும் விளையும் மண். பெரியசெவலையில் கூட்டுறவு சர்க்கரை ஆலை, முண்டியம்பாக்கத்தில் தனியார் ஆலை, சுற்றிலும் நெல் அரவை மில்கள். இங்கெல்லாம் பறக்கும் சர்க்கரைத் தூளும் தவிட்டுத் தூசியும் மூச்சுக்கும் துப்புரவுக்கும் உரிய சிக்கலாகவே பேசப்படுகின்றன. டஸ்ட் கலெக்டர் பொருத்தினால் கடமை முடிந்தது என்ற எண்ணம் அதிலிருந்தே பிறக்கிறது. உரிய காப்பு இல்லாத உறிஞ்சும் அமைப்பு, வெடிப்பைத் தானே தோற்றுவிக்கவும், அதை ஆள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவரவும் கூடியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஐந்து மீட்டர் உயரமுள்ள கூடத்தின் தரை முழுவதும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூசி படிந்திருப்பதாகக் கொள்வோம். கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள தூசி என்றால், அது கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவும்போது கன மீட்டருக்கு 100 கிராம் ஆகும். உணவுப்பொருள் தூசிகள் பலவும் அந்த அளவிலேயே வெடிக்கக்கூடியவை. இதே கணக்கை 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உறிஞ்சுக் குழாய்க்குப் போட்டால், உட்சுவரில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு படிவே கன மீட்டருக்கு 1,000 கிராமைத் தந்துவிடுகிறது. கூடத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கும் ஆலையிலும் குழாய்க்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. குழாய் கொண்டுவரும் தூசியைப் பிடிக்கும் பை வடிகட்டியின் நிலை இன்னும் மோசம். பைகளைத் துப்புரவாக்க அழுத்தக் காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தூசி மேகம் எழுகிறது. உராய்ந்து சூடேறிய பேரிங்கிலிருந்து வரும் ஒரு கனல் துண்டோ, நிலமின் இணைப்பு இல்லாத உலோகப் பாகத்தில் சேரும் நிலைமின்சாரமோ அங்கே போதும்.

2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார்ச் சக்கரங்களை மெருகிடும் ஆலையில் நடந்தது இதுதான். தூசி சேகரிக்கும் வாளியில் ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறிப் பற்றியது. வெடிப்பை வெளியே விடும் திறப்பு இல்லை. தீயும் அழுத்தமும் குழாய்கள் வழியே பின்னோக்கி ஓடி, ஒவ்வோர் உறிஞ்சு வாயிலிருந்தும் தொழிலாளர் மேல் பாய்ந்தன. 146 பேர் மாண்டனர். தொழிலாளரின் நுரையீரலைக் காக்க அவர்கள் முகத்தருகே வைத்த வாய்களே அவை என்பதை நினைக்க நெஞ்சு பதறுகிறது.

அலுமினியத்தையும் சர்க்கரையையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேகத்தில் வேறுபாடு பெரிது. வழியில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இம்பீரியல் சுகர் ஆலை 2008 பிப்ரவரி 7 அன்று வெடித்து 14 பேர் இறந்தனர். சைலோக்களின் அடியில் ஓடிய கன்வேயரை முந்தைய ஆண்டில் தகடு வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே சேரும் தூளை உறிஞ்சவும் அழுத்தத்தை வெளியேற்றவும் ஏற்பாடு செய்யவில்லை. அங்கே எழுந்த முதல் வெடிப்பு, கட்டடமெங்கும் படிந்திருந்த தூளைக் கிளப்பி அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு இரையாக்கியது.

நம் சட்டம் இதை அறியாததன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, முதலில் மூடுதல், தூசி அகற்றல், தீப்பொறி விலக்கல் ஆகியவற்றைக் கேட்டது. வெடிப்பழுத்தத்தைத் தாங்கும்படி கட்டப்படாத இயந்திரமாயின், வெடிப்பு பரவாதபடி தடுப்புகளும் திறப்புகளும் வேண்டும் என்று இரண்டாம் உட்பிரிவில் சொன்னது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டால் குன்ஷான்தான். 2025 நவம்பரில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்ட நிலையில், மாநில விதிகளில் அந்த இரண்டாம் உட்பிரிவு சிறிதும் நீர்த்துப்போகக் கூடாது.

சர்க்கரை ஆலைக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. தூளை நீர் தெளித்துப் பிடித்தால் அது கரைந்துவிடும். அந்த இனிப்பு நீரை உற்பத்திக்கே திருப்பிக்கொள்ளலாம். நீர்த்தொட்டி வரையிலான உலர்ந்த குழாய்க்கு மட்டும் கவனம் தேவை. நெல் மில்லில் இது நடக்காது; நனைந்த தவிடு புளித்துச் சேறாகும். அங்கே பை வடிகட்டியே கதி. ஆகவே அதைச் சுவருக்கு வெளியே, ஆள் நடக்காத பக்கம் திறப்பு வைத்து நிறுத்த வேண்டும். உள்ளே வரும் குழாயில், வெடிப்பழுத்தம் பட்டதும் அடைத்துக்கொள்ளும் ஒருவழி வால்வு வேண்டும். பணம் குறைவென்றால், பெரிய மோட்டாருக்கு முன் அந்த வால்வை வாங்குவதே முறை என்பது என் முடிபு.

இன்னொன்று. குழாயில் காற்று விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் தூசி படியாது. பிற்பாடு கணக்கிடாமல் வெட்டும் ஒவ்வொரு புதிய வாயும் மற்றக் கிளைகளில் இந்த வேகத்தைக் குறைக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், வால்வின் இடமும் ஒவ்வொரு கிளையின் காற்று வேகமும் குறிக்கப்படாத வரைபடத்துக்கு ஒப்புதல் தரலாகாது. புதிய வாய் வெட்டினால் வரைபடத்தைத் திருத்தித் திரும்பவும் கேட்கச் செய்ய வேண்டும்.