அர்த்தம் இல்லாத ஆறு நிறங்கள்

தென்னாப்பிரிக்காவின் கொடியில் ஆறு நிறங்கள். கறுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்? அந்த நாட்டு அரசாங்கத்தைக் கேட்டால் ஒரே பதில்தான். அப்படி எதுவும் கிடையாது!

பழைய கொடிக்கு அர்த்தம் இருந்தது. 1928ல் வந்த அந்த ஆரஞ்சு, வெள்ளை, நீலக் கொடியின் நடுவே மூன்று குட்டிக் கொடிகள். ஒன்று பிரிட்டனுடையது. மற்ற இரண்டும் போயர்களின் பழைய குடியரசுகளுடையவை. அதாவது, ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு வெள்ளைக் கூட்டங்களின் ராஜிப் பத்திரம். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பர்களுக்கு அதில் ஒரு நூலிழைகூட இடமில்லை. 1948க்குப் பிறகு நிறவெறி ஆட்சி நடந்ததும் இதே கொடியின் கீழேதான்.

1990ல் மண்டேலா விடுதலையானார். எல்லோரும் ஓட்டுப் போடும் முதல் தேர்தல் 1994 ஏப்ரலில் என்று முடிவாயிற்று. சரி, எந்தக் கொடியை ஏற்றுவது? பழையதென்றால் கறுப்பர்கள் கொதிப்பார்கள். மண்டேலா கட்சியின் கொடியென்றால் வெள்ளையர்கள் மிரள்வார்கள். ஏற்கெனவே தெருக்களில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம்.

1993ல் பொதுமக்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. தேர்தல் நெருங்கிவிட்டது. பொறுப்பு இரண்டு பேர் தலையில் விழுந்தது. மண்டேலா தரப்பில் சிரில் ராமபோசா, அரசுத் தரப்பில் ரோல்ஃப் மேயர். அரசுச் சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரி ஃபிரெடரிக் பிரவுனெல் வரைந்த படத்தை இருவரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பாதைகள் வந்து சேர்ந்து, ஒரே பாதையாகப் போகிற படம்.

மண்டேலா அப்போது வெளியூரில். படத்தை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸில் ஏது நிறம்? கடையில் கலர் பென்சில் வாங்கி வந்து, தீட்டிக் காட்டினார்கள் என்று சொல்வார்கள். அவர் தலையாட்டினார். மார்ச் 15ல் ஒப்புதல். ஏப்ரல் 27ல் கொடி ஏறிவிட்டது.

கறுப்பு, பச்சை, மஞ்சள் ஆகியவை மண்டேலா கட்சியின் நிறங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம் பழைய எஜமானர்களின் கொடிகளில் இருந்தவை. அந்தச் சிவப்புகூட அசல் சிவப்பில்லை. பிரிட்டிஷ் சிவப்புக்கும் போயர் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு மிளகாய்ச் சிவப்பு! இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் சட்டத்தில் எழுதவில்லை. எழுதினால், உன் நிறம் எத்தனை அங்குலம், என் நிறம் எத்தனை அங்குலம் என்று ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

2000ல் புதிய தேசியச் சின்னம் வந்தபோதும் இதே சாமர்த்தியம்தான். அதிலுள்ள வாசகம், பேச ஆளில்லாமல் அழிந்துபோன ஸாம் மொழியில் இருக்கிறது. சொந்தம் கொண்டாட ஆளில்லை. அதனால் சண்டைக்கும் ஆளில்லை.

தற்காலிகக் கொடி என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். 1996 அரசியல் சட்டம் அதையே நிரந்தரமாக்கிவிட்டது. பழைய கொடி? தக்க காரணமில்லாமல் அதைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழே இறக்கி இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் அதன் அர்த்தம் யாருக்கும் மறக்கவில்லை.