அந்தமானில் ஒலித்த அழைப்புக்குறி

தனிமனிதர் அரசிடம் உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உரையாடும் முறையே அமெச்சூர் வானொலி. அதை இயக்குபவரைப் பேச்சுவழக்கில் 'ஹாம்' என்பர். ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த அழைப்புக்குறி, அவர் எந்த நாட்டிலிருந்து பேசுகிறார் என்பதைக் காட்டும். இந்தியாவுக்கு 'வி.யு.' என்ற எழுத்துகளும், அந்தமான் நிக்கோபாருக்கு அவற்றோடு 4 என்ற எண்ணும் உரியவை. அந்தக் குறி 1987-க்குப் பிறகு 2004 வரை வானலையில் கேட்கவில்லை.

நெடுங்கால முயற்சியால் அனுமதி பெற்ற ஹாம் பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்று, ஒரு விடுதியில் நிலையம் அமைத்தார். அரிய இடமொன்றிலிருந்து தொடர்புகொண்டு உலக ஹாம்களை மகிழ்விப்பதே அப்பயணத்தின் முதன்மை நோக்கம் என்பதை மறக்கலாகாது. டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளின் தொலைபேசித் தொடர்பைக் குலைத்தபோது, அதே நிலையம் தீவினருக்கும் பெருநிலத்திலுள்ள அவர்தம் உறவினருக்கும் இடையே செய்தி கடத்தியது. சிற்றலை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், இடையில் கோபுரமோ கடலடிக் கம்பிவடமோ வேண்டியதில்லை. மின்சாரத்துக்கு வாகன மின்கலம் ஒன்றே போதும். பின்னர் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் இயங்கியது.

2006 ஏப்ரலில் ஹாம்களின் கூடுகை போர்ட் பிளேரிலேயே நடைபெற்றது.