மலேரியா போனது, மரபணு இருக்கிறது

1934-இல் மழை பொய்த்தபோது இலங்கையின் பல ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. குருநாகல், கேகாலை மாவட்டங்களை வாட்டிய அந்த மலேரியாக் கொள்ளைநோய், 1935 முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆனால், பல்லாயிரம் ஆண்டு மலேரியா மனித உடலில் பதித்த தடம் அழியவில்லை. பரம்பரைக் குருதி நோயான தலசீமியாவின் மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் உடையவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்ற ஊகத்தை 1949-இல் முன்வைத்தவர் மரபியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அத்தகைய ‘காவிகள்’ பிழைத்துப் பெருகினர். தாய், தந்தை இருவரும் காவிகளானால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

இந்நோயை 1925-இல் அமெரிக்காவில் விவரித்தவர் தோமஸ் கூலி. கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1932-இல் ‘தலசீமியா’ என்ற பெயர் வந்தது. மத்தியதரைக் கடலோரத்தாரின் நோய் என்றே அப்போது கருதினர். 1950களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் இராணுவ வைத்தியராக இருந்த டேவிட் வெதரோல், கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தையிடம் அதைக் கண்டபோது அந்த எண்ணம் ஆட்டங்கண்டது.

அதே வெதரோல் பிற்காலத்தில் இலங்கை ஆய்வாளர்களுடன் இணைந்தார். 25 மாவட்டங்களில் 23-ஐச் சேர்ந்த 703 நோயாளரின் குருதியை ஆராய்ந்த முடிவுகள் 2000-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. பீட்டா குளோபின் மரபணுவில் பல விகாரங்கள் தெரியவந்தன. ஏறத்தாழ எழுபது வீத நோயாளரின் நிலைக்கு அவற்றுள் மூன்றே காரணம். மூன்றிலும் மாறியிருப்பது மரபணுவின் ஓர் எழுத்துத்தான்: ஜி இருக்கவேண்டிய இடத்தில் சீ அல்லது ஏ. மூன்றாவது விகாரம் உண்டாக்குவது ‘ஈமோகுளோபின் ஈ’. சிறந்த சிகிச்சை அனைவருக்கும் கிடைக்க, நாட்டின் சுகாதார நிதியில் சுமார் ஐந்து வீதம் தேவைப்படும் என அந்த ஆய்வு கணக்கிட்டது.

அந்த ஓர் எழுத்தின் விலையைக் குருநாகலிலுள்ள தலசீமியா நிலையத்தில் காணலாம். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையும் இரும்பைச் சுமந்து வருகிறது. அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை வெளியேற்ற, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறிய பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு முழுதும் மருந்து செலுத்தும் முறை நெடுங்காலம் இருந்தது. பின்னர்தான் நீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை வந்தது.

இன்னொரு முரண் 2009-இல் வெளிப்பட்டது. ஈமோகுளோபின் ஈயும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்து வந்த இலங்கை நோயாளரிடம், அதிலும் மண்ணீரல் அகற்றப்பட்டவரிடம், மலேரியா தொற்றியதற்கான பிறபொருளெதிரிகள் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டன. ஒற்றைப் பிரதியாக இருக்கையில் காக்கும் மரபணு, இரட்டையாகச் சேர்ந்தால் காப்பதில்லை.

தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புக்கு இலங்கைச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே, நோயைக் கருவிலே கண்டறிந்து தவிர்த்த சைப்பிரஸின் வழி இங்கு பொருந்தாது. காவிகளை அறியத் திருமணத்துக்கு முந்திய பரிசோதனையே எஞ்சுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் ரஸ்நாயக்க முதியான்சே போன்றோர் இதனை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றனர். முதற்படியாக ஒரு சாதாரண முழுக் குருதிப் பரிசோதனை போதும்: செங்குழியங்கள் வழமையைவிடச் சிறியனவா என்று அது காட்டிவிடும். ஆனால் காவிக்கு உடம்பில் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆகையால், தாங்கள் இருவரும் காவிகள் என்பதைப் பல பெற்றோர் அறிவது, முதற்குழந்தை ஒரு வயதை எட்டுவதற்குள் வெளிறி, பால் குடிக்கவும் சோர்ந்து, வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும்போதுதான்.