கம்பி எட்டாத இடத்து மின்

1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றுபோயிற்று. வடக்கே கொண்டுசெல்லலாகாது என விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் வானொலிப் பெட்டிக்கு இடும் சிறு பற்றரிகளும் இருந்தன. இருளை மக்கள் ஒருவாறு தாங்கிக்கொண்டனர். போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு, துளி துளியாக எரித்து, அந்த வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்தனர். செய்தியின்றி இருப்பதுதான் இயலாததாயிற்று. சண்டை எங்கே நடக்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது, உணவுக் கப்பல் வருமா என்பவற்றை அறிந்தாலன்றி மறுநாளைப் பற்றி எண்ணவும் முடியாது. ஆதலின், மாலைச் செய்தி வேளை நெருங்கியதும் பல வீடுகளின் முற்றத்திலே துவிச்சக்கரவண்டி தலைகீழாக நிறுத்தப்பட்டது. ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவார். சில்லோடு உராய்ந்து டைனமோ சுழலும். அதிலிருந்து செல்லும் இரண்டு கம்பிகள் வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். அயலவர் கூடிநின்று கேட்பர். சுழற்றும் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும்.

இன்று பயணம் போவோர் தோட்பையில் மடித்து எடுத்துச் செல்லும் சூரியத் தகடும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கைப்பிடிப் பொறியும் அந்தத் துவிச்சக்கரவண்டிக்கு உறவினவே. அவற்றின் வரலாற்றைத் தேடுவோர் பெரிய அணைக்கட்டுகளின் பக்கமோ மின் நிலையங்களின் பக்கமோ போகவேண்டியதில்லை. கம்பி எட்டாத இடத்தில் இருந்துகொண்டு, விளக்கினும் மேலாக ஒரு மனிதக் குரலை வேண்டிநின்றவர்களிடம் போகவேண்டும்.

அவுஸ்திரேலியக் கண்டத்தின் உட்பகுதியில் அயல்வீடு என்பது நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கக்கூடும். 1917ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடமேற்கே ஜிம்மி டார்சி என்னும் மாட்டுப்பண்ணைத் தொழிலாளி கீழே வீழ்ந்து கடுமையான உட்காயமுற்றார். தோழர்கள் அவரைப் பல மணி நேரம் வண்டியிற் கிடத்தி ஹோல்ஸ் கிறீக் என்னும் சிற்றூருக்குக் கொண்டுவந்தனர். அங்கே வைத்தியர் இல்லை. தந்தி நிலையம் மாத்திரம் இருந்தது. மிகத் தொலைவில் பேர்த் நகரத்திலிருந்த வைத்தியர் ஒருவர் தந்தி மூலம் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க, அஞ்சல் அதிபர் பேனாக்கத்தி கொண்டு அறுவைச் சிகிச்சை செய்தார். வைத்தியர் கப்பலிலும் மோட்டார் வண்டியிலுமாக அவ்வூரை அடையுமுன்னரே டார்சி இறந்துவிட்டார். இச்செய்தி நாடெங்கும் பரவி மக்களை உலுக்கியது. தந்திக் கம்பியாவது இருந்த ஊரின் கதை இது. கம்பியே இல்லாத பண்ணைகளில் எத்தனை பேர் எவருக்கும் தெரியாமல் இறந்திருப்பர்!

உள்நாட்டு மக்களுக்குத் தொண்டாற்றிவந்த ஜோன் பிளின் என்னும் பாதிரியார் இதற்கு ஒரு வழி தேடினார். அவருடைய முயற்சியால் 1928ஆம் ஆண்டு மே மாதம் குவீன்ஸ்லாந்தின் குளொன்கறி நகரிலிருந்து வைத்தியரை விமானத்தில் அனுப்பும் சேவை தொடங்கிற்று. விமானம் ஆயத்தம், வைத்தியரும் ஆயத்தம். ஆனால் நோயாளி இருக்கும் செய்தியைக் குளொன்கறிக்குச் சொல்வது யார்? கம்பியில்லாத் தந்திக் கருவி அக்காலத்திற் கிடைத்தது. அதற்கு மின் கிடைக்கவில்லை. 1926இல் நடந்த பரீட்சைகளில் மின்கலங்களையே நம்பினர். அவை பாரமானவை, தீர்ந்தால் மாற்றுவதற்குப் பாலைநிலத்தைக் கடக்கவேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அடிலெயிட் நகரத்துப் பொறியியலாளர் அல்பிரட் திரேகர். கையாற் சுழற்றும் மின்பிறப்பாக்கியை அவர் முதலிற் செய்துபார்த்தார். சுழற்றுபவரின் கை அதிலேயே கட்டுண்டு கிடக்க, தந்திச் சாவியைத் தட்டுவதற்கு இன்னொருவர் வேண்டியிருந்தது. தனித்திருப்போருக்கென்று செய்யும் கருவிக்கு இரண்டு பேர் எங்கே கிடைப்பர்? அப்போதுதான் கால் நினைவுக்கு வந்தது. துவிச்சக்கரவண்டியின் மிதிகட்டைகளை ஒரு சிறு பிறப்பாக்கியோடு பூட்டி, அதனை மேசையின்கீழ் வைத்தார். இருந்தபடியே மிதித்தால் ஏறக்குறைய 20 வாற்று மின் கிடைத்தது. கைகள் இரண்டும் ஓய்வாக இருந்தன. 1929ஆம் ஆண்டில் குவீன்ஸ்லாந்துப் பண்ணைவீடுகளில் இக்கருவி இயங்கத் தொடங்கியது. 20 வாற்று என்பது ஒரு சிறு மின்குமிழுக்கே போதுமான அளவு. அந்த அளவே வைத்தியரை வானத்திலிருந்து இறக்கிற்று.

மோர்ஸ் குறிகளைக் கற்க இயலாதோருக்காகத் திரேகர் தட்டச்சுப்பொறி போன்ற ஒரு விசைப்பலகையையும் செய்துகொடுத்தார். எழுத்தை அழுத்தினால் பொறி தானே அதற்குரிய குறியை அனுப்பும். பின்னர் பேச்சையே அனுப்பும் கருவிகள் வந்தன. 1951இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, ஒருவரையொருவர் கண்டறியாத மாணவர் நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ஒரே ஆசிரியைக்கு விடை சொன்னார்கள்.

காலுக்குப் பின்னர் கதிரவன். ஒளியிலிருந்து மின் பிறப்பதை 1839ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1883இல் அமெரிக்கரான சார்ள்ஸ் பிறிற்ஸ் செலீனியத்தால் ஒளிமின்கலங்களைச் செய்தார். விழும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் அவற்றில் மின்னாயிற்று. பின்னும் எழுபது ஆண்டுகள் இது ஆய்வுகூடத்து வியப்பாகவே கிடந்தது. அதனை வெளியே கொணர்ந்தது தொலைபேசியே என்பது பலர் அறியாத செய்தி. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில், தொலைவிடத் தொலைபேசிகளுக்கு வைத்த உலர்கலங்கள் விரைவிற் கெட்டுவிடுகின்றன. அவற்றுக்கு மாற்றுத் தேடும் பணி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாரில் சேப்பின் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் செலீனியத்தோடு போராடிச் சலித்திருந்த வேளையில், அதே ஆய்வுகூடத்தில் கல்வின் புல்லரும் ஜெரல்ட் பியர்சனும் சிலிக்கன் படிகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். மூவரும் கூடிச் செய்த சூரிய மின்கலம் 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் உலகுக்குக் காட்டப்பட்டது. நூற்றுக்கு ஆறு பங்கு ஒளி மின்னாயிற்று.

மறுவருடம் ஒக்டோபரில், ஜோர்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில், தொலைபேசிக் கம்பத்தின் உச்சியிலே 432 கலங்கள் கொண்ட ஒரு தகடு ஏற்றப்பட்டது. நாட்டுப்புறத்துத் தொலைபேசி இணைப்பொன்று வெயிலால் இயங்கியது. பரீட்சை பலித்தது, ஆனால் கணக்குப் பலிக்கவில்லை. ஒரு வாற்று மின் தரும் கலங்களின் விலை அப்போது சில நூறு டொலர். தகடு கீழே இறக்கப்பட்டது. பூமியிலே விலைபோகாத பொருளுக்கு விண்ணிலே விலை கிடைத்தது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வன்கார்ட் என்னும் சிறு கோளில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. மின்கலத்தை நம்பிய ஒன்று மூன்று மாதத்துக்குள் ஓய்ந்தது; ஆறு சூரியக் கலங்களை நம்பியது 1964 வரை ஒலித்தது.

இவ்வளவு சிறிய மின்னைக்கொண்டு பயனடையலாமென்ற நம்பிக்கையைத் தந்தது திரான்சிஸ்டர். வால்வு வானொலிக்குப் பசி அதிகம். வால்வுகளின் இழைகளைச் சூடாக்குவதற்கே பல வாற்று செலவாகும். மின்சாரமில்லாத கிராமங்களில் பெரிய பற்றரியைத் துவிச்சக்கரவண்டியிற் கட்டி, மின்னேற்றுவதற்காக நகரத்துக்குக் கொண்டுபோவது இந்நாட்டுக் கிராமத்தார்க்கு அக்காலத்தில் நன்கு பழக்கமான வேலையாக இருந்தது. 1947இற் பிறந்த திரான்சிஸ்டர் 1954இல் சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலியாக வந்தபோது, அரை வாற்றுக்கும் குறைந்த மின்னோடு ஒரு குரல் அறை முழுவதும் கேட்டது. மின் தரும் பொறி வளர்ந்ததைக் காட்டிலும், மின்னை உண்ணும் கருவி மெலிந்ததே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் எனலாம்.

யாழ்ப்பாணத்து முற்றங்களில் நடந்தது இக்கணக்கின் பயனே. துவிச்சக்கரவண்டி டைனமோ 6 வோல்ற்று அழுத்தத்தில் 3 வாற்று தருவதற்கென அமைந்தது. வானொலிக்கு அதில் ஆறில் ஒரு பங்கே போதும். ஆகவே மெதுவாகச் சுழற்றினாலும் குரல் வரும். ஒரு தடை மாத்திரம் உண்டு. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி ஏற்பது நேரோட்டம். இடையிலே இருவாயிகள் சிலவற்றைச் சேர்த்துச் சீராக்கவும், ஒரு கொள்ளளவியை வைத்து இரைச்சலைத் தணிக்கவும் வேண்டும். தீர்ந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மீண்டும் இடுவாரும் இருந்தனர். வெயில் அவற்றுக்கு மின்னேற்றவில்லை. சூட்டினால் உள்ளே எஞ்சிய இரசாயனம் சற்று விரைந்து வேலை செய்தது, அவ்வளவே. தமிழோசையை ஒரு பத்து நிமிடம் கேட்பதற்கு அதுவும் உதவிற்று.

1991ஆம் ஆண்டில், குடாநாட்டில் இவ்வாறு மிதிகட்டை சுழன்றுகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் திரெவர் பெய்லிஸ் என்பவர் ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோய் பரவுவதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றைப் பார்த்தார். நோய் பற்றிய அறிவை வானொலி பரப்பும். ஆனால் ஏழைகளாற் பற்றரி வாங்க இயலாது. கைப்பிடியால் வில்லை முறுக்கினால் தானே பாடும் வானொலியை அவர் ஆக்கினார். 1990களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. ஒருமுறை முறுக்கினால் அரைமணி நேரம் கேட்கலாம். பெய்லிஸுக்குப் புகழும் விருதுகளும் வந்தன, அவை தகுதியானவையே. யாழ்ப்பாணத்திலே முதன்முதல் வண்டியைக் கவிழ்த்து வைத்தவரின் பெயரை எந்த நூலும் சொல்லவில்லை.

பின்னர் கைத்தொலைபேசி வந்தது. பசியும் கூடவே திரும்பி வந்தது. 1983இல் விற்பனைக்கு வந்த முதற் கைத்தொலைபேசிக்குப் பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரைமணி நேரம் பேசலாம். 1991இல் லிதியம் அயன் மின்கலம் சந்தைக்கு வந்தபின் பாரம் குறைந்தது. ஆனாலும், பெரிய கண்ணாடி முகமும் ஓயாத வேலையும் உடைய இக்காலக் கருவி ஒருமுறை நிரம்பக் கொள்ளும் மின் ஏறக்குறைய 15 வாற்று மணி. அதே மின்னால் ஒரு சிறு திரான்சிஸ்டர் வானொலி முப்பது மணி நேரம் பேசும். கைப்பிடியைச் சுழற்றி 5 வாற்று தரக்கூடிய ஒருவர் கைத்தொலைபேசியை நிரப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் சுழற்றவேண்டும். அவ்வளவு நேரம் எந்தக் கையும் தாங்காது. துவிச்சக்கரவண்டி டைனமோவாயின் ஐந்தாறு மணி நேர ஓட்டம் வேண்டும். இக்கணக்கில் வெல்வது வெயிலே. உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 1,000 வாற்று ஆற்றலைச் சொரிகிறது. இக்காலத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்னாக்கும். விரித்த புத்தகத்தின் அளவான தகடு நல்ல வெயிலிலே 12 வாற்று தரும்; முகில் மறைத்தால் அது ஒன்று இரண்டாகச் சுருங்கிவிடும்.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. மின்னைச் சேமித்துவைக்கும் சிறு பெட்டிகளைக் கடைகடையாகத் தேடி வாங்கியவர்கள் கைத்தொலைபேசியை உயிரோடு வைத்திருந்தனர். அப்போதுதான் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. தொலைபேசிக் கோபுரங்களுக்கும் மின் வேண்டும். கோபுரத்தடியில் உள்ள மின்பிறப்பாக்கிக்கு டீசல் வேண்டும். டீசலுக்கோ நாடெங்கும் வரிசை நின்றது. 2017ஆம் ஆண்டில் மரியா சூறாவளி போட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கிய மறுநாள், அங்கே கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஊமையாகிக் கிடந்தன. நிரம்பிய மின்கலத்தோடு பலர் எவரையும் அழைக்க இயலாது நின்றனர். திரேகரின் மிதிகட்டை வானொலி இயங்கிய பண்ணைக்கும் குளொன்கறிக்கும் நடுவே அத்தகைய கோபுரம் ஒன்றும் இருக்கவில்லை.